சேர்க்காமல் வைத்த பூச்சதுரங்கள்

1

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள்: மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. அவருக்கு இடப்பக்கம், நம் பேச்சை இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல ஒரு தமிழர், கண்ணாடி போட்டவர். சுவரோரம் டைப் அடிக்க ஒரு பெண். கதவுக்குப் பக்கத்தில், செருப்பை வெளியே கழற்றிவிட்டு நின்றபடி, என் தம்பி ஏழுமலை. மேஜைக்கு இந்தப் பக்கம் பெரிய நாற்காலியில், கால் தரைக்கு எட்டாமல், என் மகள் பிச்சம்மா. ஏழு முடிந்து எட்டு நடந்துகொண்டிருந்தது அவளுக்கு.

அவ்வளவு பேர்தான். பெற்றவள் நான் அங்கே இல்லை. மதராஸில் அவர்கள் உட்கார்ந்திருந்த நேரத்தில், இங்கிலாந்தில் வடக்கே ஒரு கடற்கரை ஊரில், விடியாத இருட்டில், சமையலறை கேஸ் அடுப்பைச் சும்மா எரியவிட்டுக் குளிர் காய்ந்துகொண்டு, கம்பளி நூலில் ஒரு பூவைச் சதுரமாக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த நாள் போய் நேற்றோடு ஒரு வருஷம். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். சீமைக்குப் போனவளுக்கு என்ன குறை என்று ஊரில் நினைப்பீர்கள். குறையை எழுதினால் திமிர் என்பீர்களோ என்றும் பயமாக இருக்கிறது. எனக்கு எதற்கெடுத்தாலும் பயம்தான். கதவைப் பூட்டினேனா என்று பார்க்கப் பாதி வழியிலிருந்து திரும்பி வருகிறவள்.

2

என் வீட்டுக்காரர் மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை ஹோட்டலில் சமையல்காரராக இருந்தார். அங்கே வந்து தங்கிய வெள்ளைக்காரர் ஒருவருக்கு அவர் வறுத்த வஞ்சிரம் பிடித்துப்போய்விட்டது. தன் ஊரில் வைத்திருக்கும் ஹோட்டலுக்கு வேலைச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். சீட்டில் அவர் பெயரும் என் பெயரும் வந்தன. பிள்ளைக்குத் தனி விசாரணை உண்டு, ஆறு மாசத்தில் ஆகிவிடும் என்றார்கள். நெம்மேலி பக்கத்தில் எங்கள் குப்பத்தில் பிச்சம்மாவைத் தம்பியிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினேன். அவளுக்கு அப்போது நாலு வயது.

இங்கே ஆஸ்பத்திரிக்கு வெளுக்கிற கூடத்தில் எனக்கு வேலை. ஈரப் போர்வையை இரண்டு பேர் இரண்டு மூலையைப் பிடித்துச் சூடான உருளைக்குள் விட வேண்டும். எதிர் மூலையைப் பிடிக்கிறவள் டோரீன், பேரப்பிள்ளை எடுத்தவள். சாப்பாட்டு வேளையில் அவள் பையிலிருந்து ஒரு கொக்கி ஊசியும் நூல் உருண்டையும் எடுப்பாள். நம் பக்கம் குரோஷா என்பார்களே, அதுதான். நடுவில் பூ, சுற்றிலும் இலை, அதைச் சுற்றி வெள்ளைச் சதுரம். அப்படிப் பல சதுரங்களைச் சேர்த்தால் ஒரு போர்வை.

இதற்கு என்ன பேர் என்று கேட்டேன். “கிரானி” என்றாள். என் கையிலிருந்த டீ மடியில் கொட்டிவிட்டது.

எங்கள் பக்கத்தில் கிராணி என்றால் குழந்தைகளைக் கொண்டுபோகிற வயிற்றுப்போக்கு. எனக்கு முதலில் பிறந்த இரண்டும் அதில்தான் போயின. ஒன்று தலை நிற்பதற்குள். ஒன்று தவழ்ந்து, சுவரைப் பிடித்து எழுந்து நின்ற பிறகு. இவள் போர்வைக்கு அந்தப் பெயரைச் சொல்கிறாளே என்று நான் முழித்ததைப் பார்த்து, டோரீன் எழுந்து முதுகை வளைத்து, இல்லாத தடியை ஊன்றி நடந்து காட்டினாள். அவர்கள் பாஷையில் பாட்டிக்கு அந்தப் பெயராம். பாட்டிமார் பின்னுகிற சதுரமாம். கூடமே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சொல் இன்றைக்கும் என் வாயில் வராது. பூச்சதுரம் என்றுதான் சொல்வேன்.

அதைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டது பிச்சம்மாவுக்காக. குளிர் தெரியாமல் வளர்ந்த பிள்ளை. வந்து இறங்கினால் அவளுக்கென்று ஒரு கட்டில், கட்டிலில் ஒரு பூப்போர்வை இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

முதலில் ஒரு சின்ன வளையம். அதற்குள் ஊசியை விட்டுவிட்டு எடுத்து எட்டு இதழ். பிறகு இதழ்களுக்குப் பின்னால் பச்சை நூலில் எட்டு வளைவு. இதுவரை எல்லாம் வட்டம். வெள்ளை நூலை எடுக்கும்போதுதான் சதுரம் பிறக்கிறது: ஒன்று விட்டு ஒரு வளைவில் மூன்று கண்ணி, இரண்டு சங்கிலி, மறுபடி மூன்று கண்ணி. அது ஒரு மூலை. நாலு மூலை வந்தால் படுத்துக்கொள்ளும். ஒரு மூலையை மறந்தால் தொப்பி மாதிரிக் குவியும். அதிகமாகப் போட்டால் கோழிக்கொண்டை மாதிரி நெளியும். எனக்கு முதல் பத்துப் பதினைந்தும் தொப்பிதான். டோரீன் அதில் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு உருளை மெஷினுக்குப் போனாள்.

3

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. உங்களில் பலருக்குத் தெரிந்த சாங்கியம்தான், பட்டணத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

இரண்டு பிள்ளை போனவளுக்கு மூன்றாவது பிறந்தால், அதைத் தன் பிள்ளை என்று வைத்துக்கொள்ளக் கூடாது. முதலிரண்டையும் தேடி வந்த கண் இதையும் தேடி வரும். அதனால் பிள்ளையை விற்றுவிட வேண்டும். நிறையப் பிள்ளை பெற்று, எல்லாம் உயிரோடு நின்றவளாகப் பார்த்து விற்க வேண்டும். எங்கள் குப்பத்தில் அப்படி ஒருத்தி ராணியம்மா. ஆறு பிள்ளை, ஆறும் கல்லுக்குண்டு. மீன் கூடை சுமந்து திருப்போரூர் வரை போய் விற்று வருகிறவள்.

பிறந்த பிள்ளையை முறத்தில் போட்டு நீட்டினேன். ராணியம்மா ஒரு படி தவிடு அளந்து என் மடியில் கொட்டினாள். “குப்பையில கெடந்தத வாங்கிகினு போறேன், யாரும் கேக்காதீங்க” என்று தெருவுக்குக் கேட்கும்படி சொன்னாள். பிச்சையாக வந்த பிள்ளை என்று பிச்சம்மா பெயர் வைத்ததும் அவள்தான். பிறகு, “என் புள்ளைக்குக் கொஞ்சம் பால் குடும்மா” என்று என்னிடமே கொடுத்தாள். வேறொருத்தி பிள்ளைக்குப் பால் கொடுக்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்தேன். பிள்ளை நின்றது.

பால் பல் விழுந்து மறு பல் முளைத்ததும் பெற்றவள் போய்ப் பணம் கொடுத்து மீட்க வேண்டும். அதுவரை பிள்ளை வாங்கியவளுடையது. பிச்சம்மாவுக்கு இது பெருமைக் கதை. மற்றப் பிள்ளைகள் சும்மா பிறந்தவை, என்னை மட்டும் விலை கொடுத்து வாங்கினார்கள் என்று மணலில் குதித்துக்கொண்டு சொல்வாள்.

4

ஆறு மாசம் என்றது நாலு வருஷமாயிற்று. பிள்ளை வீட்டில் பிறந்தது, பதிவு கிடையாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தலைக்கு மேலாகக் கையைப் போட்டு மறுபக்கத்துக் காதைத் தொடச் சொல்லி, தொட்டதும் ஐந்து வயது என்று எழுதி, ஜூன் மாசத்தில் ஒரு தேதியையும் போட்டுவிட்டார். அவள் பிறந்தது ஐப்பசி அடைமழையில். பிறப்புச் சான்று வாங்க ஏழுமலை கடல் தொழிலை விட்டுச் செங்கல்பட்டுக்கு நடையாய் நடந்தான். கால்வாயைத் தாண்டி, பஸ் மாறி, அங்கே போனால் இன்றைக்கு அதிகாரி முகாம் போய்விட்டார் என்பார்கள்.

ஒரு தடவை அங்கிருந்த குமாஸ்தா, “ரெண்டு தேதி இருக்கேப்பா, எதுப்பா சரி?” என்று கேட்டிருக்கிறார்.

“ரெண்டும் சரிதான் சார். ஒண்ணு பொறந்ததுக்கு, ஒண்ணு பள்ளிக்கூடத்துக்கு” என்றானாம் இவன்.

“அப்ப சாவறதுக்கும் ஒண்ணு எழுதிக் கொண்டா” என்று அனுப்பிவிட்டார். அது விளையாட்டுப் பேச்சுதான். எனக்கு எழுதும்போது அதையும் எழுதியிருந்தான். எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

இதற்கிடையில் இங்கே எனக்கு ஒரு மகன் பிறந்தான். வீட்டில் பாபு, தெருவில் பாபி. தமிழில் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். “சோறு” என்பான், “தண்ணி” என்பான், அதற்கு மேல் என்னோடு பேச அவனிடம் தமிழும் இல்லை, என்னிடம் இங்கிலீஷும் இல்லை. அவன் வேகமாக ஏதாவது சொன்னால் நான் தலையாட்டுவேன். சரி என்று எதற்குத் தலையாட்டினேன் என்று பிறகு உட்கார்ந்து கவலைப்படுவேன்.

5

சதுரங்கள் சேர்ந்துகொண்டே வந்தன. சிவப்புப் பூ, மஞ்சள் பூ, கனகாம்பர நிறத்தில் கிடைத்த ஒரு நூலில் கொஞ்சம். அலமாரிக்கு மேல் சூட்கேஸில் அடுக்கினேன். ஆனால் ஒன்றோடு ஒன்று சேர்க்கவில்லை.

டோரீனுக்கு அது பொறுக்கவில்லை. “போர்வைக்குப் போதும்போல வந்துவிட்டதே, ஏன் சேர்க்காமல் வைத்திருக்கிறாய்?” என்று கேட்டாள். எங்கள் ஊரில் வயிற்றில் இருக்கும்போதே தொட்டில் கட்ட மாட்டோம், சட்டை தைக்க மாட்டோம், பிள்ளை வந்த பிறகுதான் எல்லாம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

“உன் பிள்ளைக்கு எட்டு வயது” என்றாள் டோரீன்.

“இன்னும் வரவில்லையே” என்றேன்.

அவள் தன் ஊசியை எடுத்துக்கொண்டாள்.

விசாரணைக்கு நாள் குறித்து வந்தது. விசாரணை அன்று விடியற்காலை உட்கார்ந்து பின்னினேன் என்றேனே, அந்தச் சதுரத்தில் மூலை சரியாக வந்தது. நாலும் படிந்தது. நல்ல சகுனம் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

6

என்ன நடந்தது என்பது கேசட்டில் வந்தது. கோவளத்தில் கடை வைத்திருக்கும் காதர் பாயிடம் ரெக்கார்டர் இருந்தது, சிங்கப்பூரிலிருந்து வந்தது. ஏழுமலை அவர் கடையில் உட்கார்ந்து பேசியிருக்கிறான். முதலில் அலைச் சத்தம், சைக்கிள் மணி, பிறகு அவன் குரல்.

“யக்கா, நான் ஏழுமல பேசறேன். பாய், மிஷினு ஓடிகினு கீதா? ஓடுதாம். யக்கா, மனச தெடமா வெச்சிக்கோ. அந்தத் தொர நல்லவருதான். கொரலு ஒசத்தல. இந்தப் புள்ளைக்கு பிஸ்கோத்து குட்தாரு, துன்னுகினேதான் பேசிச்சு. உன் அம்மா எங்கன்னாரு. சீமையில கீதுன்னுச்சு. நீ யார் வூட்ல கீறன்னாரு. மாமா வூட்லயும் ராணிம்மா வூட்லயும்னுச்சு. ராணிம்மா உனக்கு இன்னா வேணும்னு கேட்டாரு. அங்கதான்க்கா காரியம் பூட்ச்சு.”

அப்புறம் பிச்சம்மாவின் குரல், தூரத்திலிருந்து: “நான் சொல்றேன் மாமா, நான் சொல்றேன்.”

“நீ சொன்னதெல்லாம் போதும், கம்முனு இரு” என்று ஏழுமலை. பிறகு என்னிடம்: “என்ன வாங்கினவங்கோ அப்டின்னுச்சுக்கா. எங்கம்மா என்ன ஒரு படி தவுட்டுக்கு அவங்களுக்கு வித்துட்ச்சுன்னுச்சு. அந்தக் கண்ணாடிக்காரரு அப்டியே இங்கிலீசுல எடுத்து உட்டாரு. தொர எழுதறத நிறுத்திட்டாரு. நான் ஓடிப் போயி, சார், அது எங்க ஜனத்துல பண்ற சாங்கியம் சார்னேன். உன்ன கேக்கலப்பா, கொழந்த சொன்னதத்தான் நான் சொல்ல முடியும்னாரு கண்ணாடிக்காரரு. தொர மறுபடி கேட்டாரு, உங்கம்மா திரும்ப வாங்கினாங்களான்னு. இன்னும் இல்ல, பல்லு மொளச்சா வாங்கும்னுச்சு. சொல்லிட்டு, மொளச்சிட்ச்சுன்னு வாயத் தொறந்து காட்டுச்சுக்கா.”

பாபு என் மடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். “ஹூ இஸ் ஷீ, மம்?” என்றான். அக்கா என்றேன். “வாட் அக்கா?” என்றான்.

அந்த அதிகாரி பிள்ளையின் வாய்க்குள் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது. பார்த்திருப்பார். முன்பல் எனக்கு இருப்பது போலவே ஒன்றின் மேல் ஒன்று ஏறி முளைத்திருக்கிறது என்று தம்பி எழுதியிருந்தான். என் மகள்தான் என்பதற்கு அதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும் என்று இந்த ஒரு வருஷமாக யோசிக்கிறேன்.

தாய் பிள்ளையை விலைக்குக் கொடுத்துவிட்டாள், திரும்பப் பெறவில்லை, பொறுப்பும் வேறொருவரிடம் இருக்கிறது, ஆகவே அனுமதி இல்லை என்று தாள் வந்தது. அதில் பொய்யாக ஒரு சொல் இல்லை. அதுதான் கஷ்டம்.

7

இந்த ஊர் நூலகத்துக்கு மேல்மாடியில் இலவசமாக யோசனை சொல்கிற ஒருவர் சனிக்கிழமைகளில் உட்காருவார். தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டுத் தவிடா என்று கேட்டார். இங்கே தவிட்டை டப்பாவில் போட்டு விற்கிறார்கள், மலச்சிக்கலுக்கு நல்லது என்று காலையில் பாலில் போட்டுத் தின்கிறார்கள். அவர் அதைத்தான் நினைத்தார்போல. நான் முறம், கண், ராணியம்மா எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரு வழி சொன்னார். ‘நான் இந்தப் பிள்ளையை வாங்கவே இல்லை, எந்த விற்பனையும் நடக்கவில்லை, எனக்கு இதில் உரிமை இல்லை’ என்று அந்த அம்மாள் எழுதிக் கைநாட்டு வைத்தால் போதும், மேல்மனு நிற்கும் என்றார்.

வீட்டுக்காரருக்கு நிம்மதி. “இன்னா பெரிய விஷயம்? ராணிக்கா வெக்காமலா பூடும்? ஏழுமலைக்கு இன்னிக்கே எழுதறேன்” என்றார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனாலும் எழுதச் சொன்னேன்.

அடுத்த கேசட்டில் ராணியம்மாவே வந்தாள். மெஷினுக்கு மிகப் பக்கத்தில் வாயை வைத்துப் பேசியிருக்கிறாள், இரைகிறது.

“இந்தாடி அம்சா, நான் ராணி. உன் தம்பி ஒரு பேப்பர எடுத்தாந்து கைநாட்டு வெய்யின்றான். நான் வாங்கவேயில்லன்னு சொல்லணுமாம். ஏன்டி, ஊரு பாக்க மொறத்துல வாங்கினேன். வாங்கலன்னா அது யாரு புள்ள? உன் புள்ள. உன் புள்ள நின்னுச்சாடி? இத்தினி வருஷம் காப்பாத்திக் குடுத்துட்டு, ஒரு பேப்பருக்காவ நானே அந்தக் கண்ணுக்குக் காட்டிக் குடுக்கறதா? எனக்கும் அது போனா போவட்டும்னு இல்ல. சீமைக்குப் போயி கவுனு போட்டுகினு நல்லா இருக்கட்டும். ஆனா மொறையா மீட்டுகினு போ. பெத்தவ கையால வந்து மீளணும், தம்பி கையால செல்லாது. ஒன்னேகா ரூவாடி. அதுக்கு மேல ஒரு பைசா நான் கேக்கல.”

வீட்டுக்காரர் மெஷினை அணைத்தார். “பைத்தியக்காரி. பணம் எச்சா அனுப்பினா வெப்பா. இல்ல, அவ புள்ளைங்க யாரனா ஒருத்தன வெக்கச் சொல்லலாம், யாருக்குத் தெரியப்போவுது?”

“வாணாம்” என்றேன்.

“இன்னா வாணாம்?”

“அவ சொல்றது சரி.”

“உனுக்குப் புள்ள வேணுமா, சாங்கியம் வேணுமா?”

“புள்ள உசுரோட வேணும்.”

அவர் எழுந்து வேலைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து எங்களுக்குள் இதைப் பற்றிப் பேச்சு இல்லை. அவர் சொல்வதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். படித்தவர்களும் அவர் பக்கம்தான் பேசுவார்கள். நானும் எத்தனையோ தடவை மனதைத் தேற்றிக்கொண்டு தம்பிக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். ‘கைநாட்டு’ என்று எழுதியதும் சுவரைப் பிடித்து எழுந்து நின்றதே, அந்தப் பிள்ளை வந்து முன்னால் நிற்கும். பேனாவை வைத்துவிடுவேன்.

நானே போய் மீட்டுவிட்டு வரலாமே என்பீர்கள். சீட்டைப் புதுப்பிக்க எங்கள் இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டும் லண்டனில் ஆபீசில் கிடக்கின்றன. கேட்டால் வரிசையில் இருக்கிறது என்கிறார்கள். அதில்லாமல் போக முடியாது. புதுப்பிக்காமல் போனால் திரும்ப விட மாட்டார்கள் என்று யோசனை சொல்கிறவர் சொன்னார். அப்போது பாபு இங்கே, நான் அங்கே. இரண்டில் எந்தப் பிள்ளையை விட்டுவிட்டு எதனிடம் இருப்பது?

மேல்மனுவுக்குக் கொடுத்த கெடு முடிந்துவிட்டது. கைநாட்டு வாங்க வேண்டாம் என்று தம்பிக்கு எழுதியவள் நான்தான். இனிமேல் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம். செங்கல்பட்டு, காகிதம், மதராஸ், அந்த நாற்காலி. அடுத்த தடவை அவள் கால் தரைக்கு எட்டிவிடும்.

சாப்பாட்டு வேளையில் இப்போதும் பின்னுகிறேன். மூன்று கண்ணி, இரண்டு சங்கிலி, மூன்று கண்ணி. டோரீன் பிள்ளையைப் பற்றிக் கேட்பதில்லை. நூல் தீர்ந்தால் தன் உருண்டையிலிருந்து கிள்ளிக் கொடுக்கிறாள்.

போன கேசட்டில் பிச்சம்மா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். “அம்மா, பல்லு எல்லாம் மொளச்சிட்ச்சு, ராணிம்மா துட்டு எப்ப குடுப்பன்னு கேக்குது” என்றாள். ராணியம்மா கேட்டிருக்க மாட்டாள். கேட்டது இவள்தான்.

கொடுக்க வேண்டிய பாக்கி, ஒன்றேகால் ரூபாய்.